வெப்சைட் டெம்ப்ளேட் எடுக்கும்முன்: முதல்முறை தளம் செய்கிறவர்களுக்கு

சபரிமலை சீசனில் விடியற்காலை நான்கரை மணிக்குக் கன்னியாகுமரி ரயில் நிலையத்துக்கு வெளியே நின்று பாருங்கள். கையில் போனை வைத்துக்கொண்டு அறை தேடுகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். தோளில் தூங்கும் பிள்ளை, காலடியில் இரண்டு பை, போனில் சார்ஜ் 12 சதவீதம். அவர்களில் ஒருவர் ஒரு லாட்ஜின் தளத்தைத் திறக்கிறார். சக்கரம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது நின்றதும் சூரிய உதய வீடியோ, அதன்மேல் ‘வரவேற்கிறோம்’ என்று எழுத்து எழுத்தாகப் பறந்து வந்து உட்காருகிறது, கீழே தள்ளினால் படங்கள் வலதும் இடதுமாக வழுக்கி வருகின்றன. வாடகை எவ்வளவு, இப்போது இடம் இருக்கிறதா, யாரைக் கூப்பிடுவது, இந்த மூன்றும் கண்ணில் படவில்லை. அவர் பின்னால் போய் அடுத்த தளத்தைத் தொட்டுவிட்டார்.

அந்த லாட்ஜின் தளத்தைத் திருத்தும் வேலை பிறகு என்னிடம் வந்தது. நாகர்கோவிலில் இருந்துகொண்டு லாட்ஜ், ஹோம்ஸ்டே, தேன் விற்பவர்கள், நேந்திரம் சிப்ஸ் கடை என்று சின்ன அளவில் தொழில் செய்கிறவர்களுக்குத் தளம் செய்து கொடுப்பதுதான் என் தொழில். இப்போது நிறையப் பிள்ளைகள் படித்து முடித்த கையோடு இந்த வேலைக்கு வருகிறார்கள், சிலர் வீட்டுத் தொழிலுக்குத் தாங்களே தளம் செய்யப் பார்க்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டெம்ப்ளேட், அதாவது யாரோ முன்னமே செய்துவைத்த தள வடிவமைப்பு, எடுப்பதில் தப்பே இல்லை. நானும் எடுத்துத்தான் செய்கிறேன், வெறும் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் பத்து நாள் ஆகிற வேலை அதில் இரண்டு நாளில் முடியும். வரிசைதான் தப்பாகிறது. பார்த்ததும் பிடித்துப்போய் டெம்ப்ளேட்டை எடுத்துவிட்டு, அதற்குள் எதைப் போடுவது என்று அப்புறம் யோசிக்கிறார்கள்.

முதல் வேலை தாளில்

கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். யாருக்குத் தளம் செய்கிறீர்களோ அவருடைய கடையில் ஒரு நாள் போய் உட்காருங்கள். வருகிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த லாட்ஜின் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்த அன்று எழுதியது இது: வாடகை எவ்வளவு, ஆறு பேர் வந்தால் ஒரே அறை கிடைக்குமா, வெந்நீர் உண்டா, வேன் நிறுத்த இடம் இருக்கிறதா, விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுத்துறைக்கு நடந்தே போகலாமா, நாளைக்கு எத்தனை மணிக்குச் சூரிய உதயம். இதே ஆறு கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. வீடியோ எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மார்த்தாண்டம் பக்கம் தேன் விற்கும் ஒருவருக்குச் செய்தபோது கேள்விகள் வேறு. இது எந்தத் தேன், சர்க்கரைப் பாகு கலந்ததா, ஏன் இந்த நிறம், குப்பியில் எவ்வளவு, கொரியரில் உடையாமல் வருமா. நம் ஊர்த் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டத்தில் எடுப்பது. ரப்பர் மரம் தளிர்விடும் காலத்தில் இலைக்காம்பில் ஊறுகிற இனிப்பைத்தான் தேனீ எடுக்கிறது, பூவிலிருந்து இல்லை. வெளியூர்க்காரருக்கு இது தெரியாது, சொன்னால் ஆச்சரியமாகக் கேட்பார், வாங்கவும் செய்வார். அவர் முதலில் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த டெம்ப்ளேட்டிலோ திரை முழுக்க ஊதா நிறப் பூந்தோட்டம், மேலே நான்கு ஆங்கிலச் சொல். ரப்பர் மரத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுத அதில் இடமே கிடையாது. அந்தப் பணம் வீண்.

கேள்விகளை எழுதியாகிவிட்டதா, சரி, இப்போது பதில்களையும் முழுசாக எழுதுங்கள், தமிழில், உண்மையான விலையோடு. கையில் இருக்கும் போட்டோக்களையும் ஒரு ஃபோல்டரில் சேருங்கள். இந்த இரண்டும் இல்லாமல் டெம்ப்ளேட் தேடுவது, கால் அளவு தெரியாமல் இன்னொருவருக்குச் செருப்பு வாங்கப் போவது போலத்தான்.

எங்கே எடுப்பது

தளம் செய்ய உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் செய்வதாக இருந்தால் அதன் சொந்தத் தீம் டைரக்டரியிலிருந்து ஆரம்பியுங்கள் (டெம்ப்ளேட்டுக்கு அங்கே தீம் என்று பெயர்). அங்கே ஏறுகிற தீம்கள் பரிசோதனைக்குப் பிறகுதான் ஏறுகின்றன, ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்துக்கு ஒத்துப்போக வேண்டும், அதனால் எடுத்து மாற்றிப் பயன்படுத்தத் தடையில்லை. கடைசியாக எப்போது அப்டேட் ஆனது, எத்தனை தளங்களில் ஓடுகிறது என்ற இரண்டையும் பாருங்கள். இரண்டு வருஷமாகத் தொடாத தீம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். வெறும் எச்டிஎம்எல் (இணையப் பக்கத்தின் அடிப்படை மொழி) டெம்ப்ளேட் என்றால் உரிமத்தை வாசியுங்கள். இலவசமாகக் கிடைப்பவற்றில் நிறைய, கிரியேட்டிவ் காமன்ஸ் ஆட்ரிபியூஷன் உரிமத்தில் வருகின்றன, அதாவது செய்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. அடியில் இருக்கும் அந்தச் சின்ன வரியை அழிக்காதீர்கள்.

காசுக்கு விற்கும் தீமை யாரோ உடைத்து ‘நல்டு’ என்று இலவசமாகத் தருவார்கள், டெலிகிராம் குழுக்களில்கூட வரும். அதைத் தொடவே வேண்டாம். உள்ளே ஒளித்துவைத்த நிரல் வழியாக உங்கள் தளத்தில் அடுத்தவன் நுழைவான், சூதாட்ட விளம்பரம் ஏற்றுவான், வருகிற ஆட்களை வேறு தளத்துக்குத் தள்ளிவிடுவான். இப்படி மாட்டிக்கொண்ட ஒரு கடைக்காரரின் தளத்தை நான் சுத்தம் செய்திருக்கிறேன். கடைப் பெயரைத் தேடினால் கூகுளில் மாத்திரை விளம்பரம் வந்துகொண்டிருந்தது. மனுஷன் அவமானத்தில் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. 

டெமோவைப் பார்க்கும் விதம்

டெமோவில், அதாவது டெம்ப்ளேட்டைக் காட்ட வைத்திருக்கும் மாதிரித் தளத்தில், கண்ணைப் பறிப்பது பெரும்பாலும் அதில் இருக்கும் போட்டோதான், டிசைன் இல்லை. நல்ல கேமராவில் நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம், இரண்டே சொல்லில் தலைப்பு, எல்லாப் படமும் ஒரே அளவு. உங்கள் ஃபோல்டரில் இருப்பது டியூப்லைட் வெளிச்சத்தில் போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த அறைப் படங்கள். அவற்றில் நான்கை டெமோவில் போட்டுப் பாருங்கள், அப்போதும் பார்க்கும்படி இருந்தால் அந்த டெம்ப்ளேட் உங்களுக்கானது.

அப்புறம் அதைப் போனில் திறங்கள், வைஃபையை அணைத்துவிட்டு. பேச்சிப்பாறைப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு ஹோம்ஸ்டேக்காரர் வீட்டில் நின்று தளத்தைத் திறந்தபோதுதான் எனக்கே உறைத்தது, ஆபீஸில் நொடியில் வருகிற பக்கம் அங்கே வெறும் வெள்ளையாகவே நின்றது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் என்ற இடத்தில் 3ஜி என்று மாற்றிவைத்துப் பாருங்கள். தினமும் இப்படி ஒருமுறை பார்க்கிற பழக்கம் வந்தால் பாதி எஃபெக்ட்கள் தானாகவே உங்களுக்குப் பிடிக்காமல் போகும்.

கன்னியாகுமரிக்கு இன்னொரு சோதனையும் உண்டு. நடுப்பகலில் கடற்கரை வெயிலில் நின்று போனைப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் எழுத்து, டெம்ப்ளேட்காரர்களுக்கு மிகவும் பிடித்தது, அந்த வெயிலில் ஒன்றுமே தெரியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று, எல்லோரும் தளத்தைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான இணைய அணுகல் விதிகள் சொல்கின்றன. அளந்து சொல்ல இலவசக் கருவிகள் இருக்கின்றன, நேரில் வெயிலில் பார்த்துவிட்டால் அதுவும் தேவைப்படாது.

தமிழைப் போட்டுப் பாருங்கள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் அடிவாங்குவது இங்கேதான். சந்தையில் கிடைக்கும் டெம்ப்ளேட்களில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை மனதில் வைத்து அளந்தவை. ‘புக் நவ்’ என்று ஆங்கிலத்தில் ஏழு எழுத்துக்கு அளவெடுத்த பட்டனில் ‘அறை முன்பதிவு செய்ய’ என்று போட்டால் மூன்று வரியாக உடைந்து வெளியே பிதுங்கும். மெனுவில் ஐந்து தமிழ்ச் சொல் போட்டாலே இரண்டாம் வரிக்கு இறங்கிவிடும். டெம்ப்ளேட்டோடு வரும் எழுத்துருவில் தமிழ் இருக்காது. பிரவுசர் தன்னிடம் இருக்கிற ஏதோ ஒரு தமிழ் எழுத்தை எடுத்துப் போடும், ஒரு போனில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். ஒன்றை எடுங்கள், அதிலும் இரண்டு தடிமன் போதும், ஒன்பது தடிமனையும் ஏற்றினால் பக்கம் கனக்கும். வரிகளுக்கு இடையே உள்ள இடைவெளியைக் கூட்டுங்கள், 1.7 அளவுக்கு நான் வைப்பேன். நம் எழுத்துக்கு மேலே சுழியும் கீழே வாலும் உண்டு, ஆங்கில அளவில் விட்டால் ‘கு’வின் வால் அடுத்த வரியின் ‘கி’யில் இடிக்கும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விடுகிற அமைப்பு தலைப்புகளில் இருந்தால் அதைப் பூஜ்யமாக்குங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லில் குறிக்க மறக்காதீர்கள், பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலுக்கு மாறும்.

இனி அந்தப் பறந்து வரும் எழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ‘நாகர்கோவில்’ என்ற பெயரைக் கண்ணால் எண்ணினால் நா, க, ர், கோ, வி, ல் என்று 6 எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் இது 11 குறியீடு: ந ஒன்று, அதன் கால் ஒன்று, க ஒன்று, ர ஒன்று, புள்ளி ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். தட்டச்சு எஃபெக்ட் செய்கிற சாதாரண ஜாவாஸ்கிரிப்ட், அதாவது பக்கத்தை இயக்கும் நிரல், இந்தக் குறியீடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறது. அதனால் திரையில் முதலில் ‘ந’ வரும், அது ‘நா’ ஆகும், ‘நாகர’ என்று வந்து பிறகு ரகரத்துக்குப் புள்ளி விழும், ‘நாகர்க’ என்று வந்து அப்புறம் கொம்பும் காலும் முளைக்கும். பார்க்கிறவருக்கு எழுத்து துடிப்பது போல இருக்கும். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகப் பறக்கவிடும் எஃபெக்ட் இன்னும் மோசம்; காலும் கொம்பும் தாய் எழுத்தை விட்டுப் பிரிந்து, புள்ளி வட்டத்தில் தனியாகத் தொங்கும். எங்கள் லாட்ஜ் தளத்தில் சில போன்களில் ‘கன்னியாகுமரி’ அப்படித்தான் சிதறிக் கிடந்தது, வருஷக்கணக்காக, யாரும் உரிமையாளரிடம் சொல்லவில்லை. அவசியம் வேண்டுமென்றால் பிரவுசரிலேயே இருக்கும் இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற வசதியால் தமிழ் எழுத்தை முழு எழுத்தாகப் பிரிக்கலாம். என்னைக் கேட்டால் ஊர்ப் பெயரை அசையாமல் நிற்க விடுங்கள் என்பேன்.

அழிக்க வேண்டியவை

டெம்ப்ளேட்டை நிறுவியதும் முதலில் அதோடு வந்த மாதிரிச் சரக்கை எல்லாம் வெளியே தள்ளுங்கள். லத்தீன் போலத் தோன்றும் நிரப்பு எழுத்து, எங்கோ வெளிநாட்டில் முள் குத்தியிருக்கும் மேப், தொட்டால் எங்கும் போகாத ஃபேஸ்புக் சின்னம். ‘மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள் 500+’ என்று எண்ணிக்கொண்டே ஏறும் கவுண்டரையும், முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் படத்தோடு வரும் பாராட்டுரையையும் கட்டாயம் எடுங்கள், அது பொய், உங்கள் வாடிக்கையாளர் பெயரில் நீங்கள் சொல்லும் பொய். நிஜமாகவே தங்கிப் போனவர் எழுதிய இரண்டு வரி இருந்தால், அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

எஃபெக்ட்கள்

“மக்கா, பக்கம் தொறந்ததும் பளபளன்னு இருக்கணும், கேட்டியா” என்றுதான் லாட்ஜ் உரிமையாளர் என்னிடமும் சொன்னார். அவர் ஆசையில் தப்பில்லை, பக்கத்துக் கட்டடத்து லாட்ஜ் தளத்தில் எல்லாம் ஓடுகிறது, பறக்கிறது. “அண்ணாச்சி, இது எதுக்கு ஓடுதுன்னு நீங்களே சொல்லுங்க” என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டேன். பதில் சொல்ல முடிந்ததை வைத்தோம், முடியாததை எடுத்தோம். நீங்களும் ஒவ்வொரு அசைவுக்கும் இதையே கேளுங்கள்.

பட்டனைத் தொட்டதும் நிறம் கொஞ்சம் மாறினால், விரல் பட்டது என்று தெரிகிறது. மெனு பக்கவாட்டிலிருந்து வந்தால், அது எங்கே போய் ஒளியும் என்று தெரிகிறது. அறைப் படத்தைத் தொட்டால் பெரிதாகிறது, சரி. கேள்வியைத் தொட்டால் பதில் விரிகிறது, அதுவும் சரி. இவை எல்லாம் 200 முதல் 300 மில்லி நொடிக்குள் முடிந்துவிட வேண்டும், அதற்குமேல் போனால் காத்திருப்பதாகத் தோன்றும். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் செய்யும்போது டிரான்ஸ்ஃபார்ம் (நகர்த்துவது, பெரிதாக்குவது), ஒபாசிட்டி (மங்கவைப்பது) இரண்டை மட்டும் அசையுங்கள். அகலம், உயரம், இடம் ஆகியவற்றை நேரடியாக அசைத்தால் அசைவின் ஒவ்வொரு படியிலும் பக்கத்தின் அமைப்பைப் பிரவுசர் மறுபடி அளக்க வேண்டிவரும், விலை குறைந்த போனில் திக்கித் திக்கி ஓடும்.

சுற்றும் சக்கரம், அதாவது பிரீலோடர், பக்கம் தயாரான பிறகும் ஆளை வாசலில் நிறுத்திவைக்கிறது. எடுங்கள். ஐந்து படம் மாறி மாறி ஓடும் ஸ்லைடரில் இரண்டாவது படத்துக்குமேல் காத்திருக்கிற ஆளை நான் பார்த்ததில்லை, வாசித்துக்கொண்டிருக்கும்போதே வரி ஓடிப்போகும், அந்த ஐந்தையும் கீழே கட்டமாக அடுக்கிவிடுங்கள். சத்தத்தோடு தானாக ஓடும் வீடியோவை 2018 முதல் பெரும்பாலும் குரோமே தடுத்துவிடுகிறது. கீழே தள்ளத் தள்ளத் தோன்றும் எழுத்து பார்க்க மென்மையாக இருக்கும், ஆனால் அப்படித் தோன்றுவதற்காக முதலில் அதை மறைத்துவைத்திருக்கிறார்கள், ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேராவிட்டால் மறைத்தது மறைந்தபடியே இருக்கும். அந்த ஹோம்ஸ்டேக்காரர் வீட்டில் வெள்ளைப் பக்கமாக வந்ததற்குக் காரணம் இதுதான். வாடகையையும் போன் நம்பரையும் இப்படி ஒருநாளும் மறைக்காதீர்கள்.

உடம்புக்கும் இதில் சம்பந்தம் உண்டு. பின்னணி ஒரு வேகத்திலும் எழுத்து இன்னொரு வேகத்திலும் நகரும் பேரலாக்ஸ் சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் கொடுக்கும். அப்படிப்பட்டவர்கள் ஐபோனில் ரெட்யூஸ் மோஷன், ஆண்ட்ராய்டில் ரிமூவ் அனிமேஷன்ஸ் என்று போட்டுவைத்திருப்பார்கள். சிஎஸ்எஸ்ஸில் பிரிஃபர்ஸ் ரெட்யூஸ்டு மோஷன் (prefers-reduced-motion) என்ற வரியைச் சேர்த்து அவர்களுக்கு அசைவை நிறுத்திவிடலாம், ஐந்து நிமிஷ வேலை. ஒரு நொடியில் மூன்று தடவைக்குமேல் மின்னுவது வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. தானாக ஆரம்பித்து ஐந்து நொடிக்குமேல் ஓடும் எதற்கும் நிறுத்துகிற பட்டன் வேண்டும் என்பதும் அதே அணுகல் விதிகளில் இருக்கிறது.

இன்றைக்குப் புதிதாகத் தெரிகிற எஃபெக்ட்டின் ஆயுளையும் நினைத்துப் பாருங்கள். மின்னும் எழுத்தை ஃபயர்பாக்ஸ் 2013இல் கைவிட்டது. ஓடும் எழுத்துக்கான மார்க்கீ, இப்போது வழக்கொழிந்தது என்று எச்டிஎம்எல் தரத்திலேயே எழுதியிருக்கிறது. ஃபிளாஷ் என்ற அசைபட மென்பொருளில் முழுத் தளமும் செய்து வைத்திருந்தவர்கள் உண்டு; 2020 டிசம்பர் 31இல் அடோபி அதற்கான ஆதரவை நிறுத்தியது, 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரில் எதுவும் ஓடாதபடி தடுத்துவிட்டது. அன்று வரை இருந்த படமும் எழுத்தும் ஒரே நாளில் இருட்டாகிப் போனது. விலையும் முகவரியும் வெறும் எழுத்தாக இருந்தவர்கள் தப்பினார்கள்.

கனத்தைக் குறைப்பது

போனில் எடுத்த போட்டோ ஒன்று 4, 5 எம்பி இருக்கும். அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் மாற்றினால் பெரும்பாலும் 200 கேபி பக்கம் வந்து நிற்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கீழே இருக்கும் படங்களுக்கு லேசி லோடிங் (பார்ப்பவர் அந்த இடத்தை நெருங்கும்போது மட்டும் படம் இறங்குவது) போடுங்கள், முதல் படத்துக்கு மட்டும் போடாதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் படம் வந்து விழுந்ததும் கீழே இருப்பதெல்லாம் நகரும், ‘அழைக்க’ என்ற பட்டனைத் தொடப் போன விரல் வேறெங்கோ படும். முடித்ததும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பெரிய படமோ எழுத்தோ திரையில் வர 2.5 நொடிக்குள், தொட்டதற்குப் பதில் 200 மில்லி நொடிக்குள், பக்கம் துள்ளும் அளவு 0.1க்குள் இருந்தால் நல்லது என்று கூகுள் வரையறுத்திருக்கிறது. நூற்றுக்கு நூறு வாங்க மல்லுக்கட்ட வேண்டாம், இந்த மூன்றும் பச்சையில் இருந்தால் போதும்.

போன் நம்பரைப் படத்துக்குள் எழுதாதீர்கள், தொட்டதும் அழைப்பு போகிற இணைப்பாகப் போடுங்கள். வாடகைப் பட்டியலும் அப்படித்தான், எழுத்தாக இருந்தால்தான் தேடினால் கிடைக்கும். தீமில் மாற்றம் செய்யும்போது சைல்டு தீம் (மூலத் தீமைத் தொடாமல் அதன்மேல் வைக்கும் துணைத் தீம்) ஒன்று வைத்து அதில் செய்யுங்கள், மூலத் தீமிலேயே கைவைத்தால் அடுத்த அப்டேட்டில் அத்தனையும் போய்விடும். பேக்கப் எடுத்துவிட்டு அப்டேட் செய்யுங்கள்.

கடைசியாக, தளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத மூன்று பேரிடம் போனைக் கொடுத்து, “ஆறு பேருக்கு அறை வாடகை எவ்வளவுன்னு பாருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே திருத்துங்கள். எங்கள் லாட்ஜுக்கு முதலில் பார்த்தது பக்கத்து டீக்கடை அக்கா. மெனுவின் மூன்று கோட்டை அவர் அலங்காரம் என்றே நினைத்தார், அதன் பக்கத்தில் ‘மெனு’ என்று எழுதியதும் பிரச்சினை தீர்ந்தது.

இப்போது அந்தத் தளத்தைத் திறந்தால் மேலே ஒரே ஒரு உதயப் படம், அசையாது. கீழே வாடகை, ‘அழைக்க’ பட்டன், படகுத்துறைக்கு எத்தனை நிமிஷ நடை, வேன் நிறுத்தும் இடத்தின் போட்டோ. அண்ணாச்சிக்கு ஏதாவது ஒன்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற ஆசை போகவில்லை. நோட்டில் எழுதிவைத்திருந்த ஆறாவது கேள்வி அப்போதுதான் ஞாபகம் வந்தது. படத்துக்குக் கீழே, ‘நாளை சூரிய உதயம்’ என்று போட்டு நேரம் தினமும் தானாக மாறும்படி செய்தோம். சின்ன ஜாவாஸ்கிரிப்ட், அது வராவிட்டாலும் மற்றதெல்லாம் நிற்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் வரவேற்பு மேசைக்குப் போன் போட்டு உதய நேரம் கேட்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று அங்கே இருக்கிற பையன் சொன்னான்.